முகமும் பெயரும்

ஓவியர் பிறர் முகங்களை வரைகிறார். அவருடைய முகத்தை வரைந்து வைப்பவர் யார்? இந்த வினாவுக்கு ஐரோப்பா ஒருகாலத்தில் அழகான விடை கண்டது.

1572ஆம் ஆண்டு, இன்று பெல்ஜியத்திலுள்ள அன்ட்வேர்ப் நகரில் ஒரு நூல் வெளிவந்தது. மறைந்த ஓவியர்கள் 23 பேரின் முகங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தாளிற் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் லம்ப்சோனியஸ் பாடிய இலத்தீன் கவிதை. அச்சுப்பட வணிகர் ஹீரோனிமஸ் கொக் 1570இல் காலமாக, நூலை வெளியிட்டவர் அவர் மனைவி. கணவர் முகத்தையும் அவ்வரிசையில் அவர் சேர்த்துவிட்டார்.

வரிசையில் முன்நிற்போர் வான் ஐக் சகோதரர். அவர்கள் மறைந்து நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. ஆகவே கென்ற் நகரத் தேவாலயத்துப் பலகை ஓவியத்தில் குதிரையேறி வரும் நீதிபதிகளுள் இருவரை அவர்களாகவே கருதி, அம்முகங்களைச் செதுக்கினார்கள். அந்தப் பலகை 1934இல் களவு போயிற்று, இன்னும் மீளவில்லை. செப்புத் தகடு தந்த முகங்களோ நிலைத்துவிட்டன.

நமது கண்டி ஓவியருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. மகாவலி கங்கைக்கு அப்பால் தெகல்தொறுவ குகை விகாரை இருக்கிறது. நாயக்க மரபினனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) காலத்தில் அங்கு தொடங்கிய திருப்பணி, அவன் தம்பி இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் முற்றுப்பெற்றது. சுவரில் வெஸ்ஸந்தர சாதகக் கதை. விதானத்தில் மாரனின் படை. தீட்டியவருள் தலையாயவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே. அவர் முகம் எப்படியிருந்தது? நாம் அறியோம்.

பெயரை அறிவோம். அதை அச்சேற்றி உலகறியச் செய்தவர் ஒரு தமிழரின் மகன், ஆனந்த குமாரசுவாமி. வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே அச்சியந்திரத்தில், 1908இல், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 425 பிரதிகள் அச்சிட்டார். கைவினைஞரின் பெயர், குலம், தொழில்முறை யாவற்றையும் அதில் எழுதிவைத்தார். அன்ட்வேர்ப்பில் செப்புத் தகடு செய்த பணியை இங்கே ஈயவெழுத்துச் செய்தது.

இனி நமது கோயில்களைப் பாருங்கள். குழல்விளக்கிலும் உபயகாரர் பெயர் எழுதியிருக்கிறது. மண்டபச் சுவரிலே முருகனுக்குக் கண் திறந்த ஓவியரின் பெயர் எங்கே? அடுத்த கும்பாபிஷேகத்திற் புது வர்ணம் ஏறும். பழைய கைவண்ணம் மறையும். செப்புத் தகடு வேண்டாம். கும்பாபிஷேக மலரில் ஒரு வரி போதும். அதையாவது எழுதிவைப்போம்.