கல்லடைப்பும் உணவும்: ஒரு நீண்ட விசாரணை

நோய்க்குப் பெயரிடுவதில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தனிப்பார்வை உண்டு. சிறுநீர்ப்பாதையில் தோன்றும் கல்லை வடமொழி மருத்துவ நூல்கள் ‘அசுமரி’ என்கின்றன. கல் என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சித்த மருத்துவமோ ‘கல்லடைப்பு’ என்கிறது. முன்னது பொருளைச் சுட்ட, பின்னது அப்பொருள் செய்யும் கொடுமையைச் சுட்டுகிறது. பெயர் எதுவாயினும், இந்நோய் கண்டவரைப் பார்க்க வருவோர் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை; உணவு பற்றிய அறிவுரை ஒன்றேனும் அவர்களிடம் இருக்கும். தக்காளி கூடாது என்பார் ஒருவர். பாலை நிறுத்து என்பார் மற்றொருவர். வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் வரிசையில் வரும். இவ்வறிவுரைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வயதுண்டு. சில பழமையானவை. சில, அறிவியலின் பெயரால் நம் காலத்தில் பரவி, பின்னர் அறிவியலாலேயே கைவிடப்பட்டவை. கைவிடப்பட்ட செய்தி மட்டும் நம் வீடுகளை இன்னும் வந்தடையவில்லை.

கல் மனிதனுக்குப் புதிதன்று. எகிப்தின் எல் அம்ரா இடுகாட்டில், வரலாற்றுக்கு முற்பட்ட காலத்துச் சிறுவன் ஒருவனின் எலும்புகளுக்கிடையே சிறுநீர்ப்பைக் கல் ஒன்றை 1901இல் எலியட் ஸ்மித் கண்டார். ஹிப்போக்ரடீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழி, கல்லுக்காகக் கத்தி எடுப்பதில்லை என்று மருத்துவனைச் சொல்ல வைத்து, அவ்வேலையை அதற்கென உள்ளவரிடம் விட்டுவிடுகிறது. சுசுருத சம்ஹிதை இவ்வாறு ஒதுங்குவதில்லை. நெய்யும் காரமும் கஷாயமும் பலிக்காவிடில் அறுத்தெடுக்கும் முறையையும் விரிவாகச் சொல்கிறது. நம் கவனத்துக்கு உரியது அந்நூலில் வரும் வேறொரு செய்தி. வாதம், பித்தம், கபம் ஆகியவற்றால் தோன்றும் மூவகைக் கற்களும் பெரும்பாலும் சிறுவரிடமே காணப்படுகின்றன என்றும், பகலுறக்கத்தோடு, உண்டதன்மேல் மீண்டும் உண்பதும், குளிர்ந்த, கனத்த, இனிப்பான உணவில் அவர்கள் கொள்ளும் விருப்பமும் அதற்குக் காரணம் என்றும் அது கூறுகிறது. காரணம் சரியா என்பது வேறு. கல்லையும் தட்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்த்ததும், நோயாளி குழந்தை என்பதைக் கண்டுகொண்டதும்தான் பெரிது. இன்று நாம் அறியும் கல் நாற்பது வயதுக்காரரின் சிறுநீரகத்தில் இருப்பது. பழங்காலத்தின் கல் பெருமளவு குழந்தையின் சிறுநீர்ப்பையில் இருந்தது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் இந்த வரலாறு விளங்காது.

வயது வந்தோரின் கல்லுக்கு இலக்கியம் தந்த மிகச் சிறந்த சாட்சி பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன். தந்தை இந்நோயால் மாண்டவர்; மகனுக்கும் நாற்பத்தைந்து வயதையொட்டி அது வந்தது. பிள்ளைகள் தந்தையரை ஒத்திருப்பது பற்றிய தம் கட்டுரையில், உருவம் மட்டுமின்றி நோயும் எவ்வாறு வித்தின் வழியே இறங்கி, ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து வெளிப்படுகிறது என்று அவர் வியக்கிறார். மருத்துவர்களின் உணவு விதிகளை அவர் எள்ளி நகையாடும் பகுதி இன்றும் சுவை குன்றாதது. வழிகளைத் திறக்கும் பண்டங்கள் நல்லவை, ஏனெனில் கல் வெளியேறும். அவையே தீயவை, ஏனெனில் கல்லாக மாறும் பொருளும் அவ்வழியே வந்து சேரும் என்று, ஒரே பண்டத்துக்கு இரு தீர்ப்பும் வழங்கிய அறிஞர்கள் அவர் காலத்தில் நிரம்ப இருந்தனர். 1580இல் புறப்பட்டு ஜெர்மானிய நாடுகள், இத்தாலி என ஊற்று ஊற்றாகச் சென்று நீர் குடித்தார். குடித்த அளவையும் கழித்த அளவையும் வெளிவந்த கல்லின் வடிவையும் நாட்குறிப்பில் பதிந்தார். மருத்துவரை நம்பாத ஒருவர் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார் எனலாம்.

கத்திக்கு அஞ்சியவர்கள் கரைக்கும் மருந்தைத் தேடினர். 1739இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஜோவன்னா ஸ்டீபன்ஸ் என்னும் பெண்மணியின் கல் கரைக்கும் மருந்து இரகசியத்தை 5000 பவுன் கொடுத்து வாங்க முன்வந்தது. வெளியான இரகசியம் இதுதான்: சுட்ட முட்டை ஓடு, சுட்ட நத்தை, சோப்பு, தேன், சில மூலிகைகள். சிரிப்புக்கு இடமுண்டு, ஆனால் முழுக்கச் சிரித்துவிட முடியாது. சுண்ணமும் சோப்பும் காரப்பொருள்கள். யூரிக் அமிலக் கற்கள் அமிலம் மிகுந்த சிறுநீரில் தோன்றுபவை. சிறுநீரைக் காரத்தன்மைக்குத் திருப்பினால் அவை கரையக்கூடும். இன்று பொட்டாசியம் சிட்ரேட்டு கொண்டு செய்வதும் அதுவே. இந்தக் காரத் தேட்டம் எடின்பரோவில் ஜோசப் பிளாக்கைத் தொட்டது. கல்லுக்குத் தீங்கற்ற காரம் ஒன்றைத் தேடிப் புறப்பட்டவர், 1754இல் தம் பட்ட ஆய்வேட்டில், பின்னாளில் கரியமில வாயு என அறியப்பட்ட ‘பிடிபட்ட காற்றை’ வந்தடைந்தார்.

ஆயினும் ஒருவருக்குப் பலித்த மருந்து மற்றவருக்கு ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கவில்லை. விடை வேதியியலிலிருந்து வந்தது. 1776இல் ஷீலே சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்தார். 1797இல் வொல்லாஸ்டன் வேறு வகைக் கற்களும் உண்டெனக் காட்டினார். 1810இல் சிஸ்டின் கல்லையும் கண்டார். கல் என்பது ஒரு பொருளன்று, பல பொருள்களுக்கு நாம் இட்ட ஒரே பெயர் என்பது அப்போது தெளிவாயிற்று. ஆளுக்கேற்ற உணவு என்று இன்று பேசப்படுவதன் வித்து இங்கேதான் இருக்கிறது.

அடுத்த அதிகாரம் நமக்கு மிக அருகில், நீலகிரியில் எழுதப்பட்டது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராபர்ட் மக்காரிசன் குன்னூர் பாஸ்டர் நிறுவன வளாகத்தில் உணவாய்வுக் கூடம் நடத்திவந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியையும் நோயையும் ஒப்பிட்டவர் அவர். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என அமைந்த சீக்கியரின் உணவு தலையிடம் பெற்றது. சென்னை மாகாணத்தின் அரிசி உணவு கடைப்பகுதியில் நின்றது. இதை அறியும் தமிழ் வாசகர் சற்றே முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அவர் குறை கண்டது தீட்டிய அரிசியிலும் அதனோடு சேராத பால், காய்களிலும்தான். கல்லைப் பொறுத்தவரையில் கதை திரும்புகிறது. சிறுநீர்ப்பைக் கல் மிகுந்திருந்தது இந்தியாவின் வடமேற்கில். தெற்கே அது அரிது. 1920களின் பிற்பகுதியில் தொடங்கிய சோதனைகளில், தானியமே பெரும்பங்காக உள்ள, பாலும் உயிர்ச்சத்து ஏ-யும் குறைந்த உணவை உண்ட எலிகளுக்குக் கல் தோன்றியது. பால் சேர்த்தபோது தடைப்பட்டது. அதே கோதுமை, பாலோடு சேர்ந்தால் நலம். பால் இன்றேல் கல். உணவுப் பண்டம் ஒன்றைத் தனியே எடுத்து நல்லது, கெட்டது எனத் தீர்ப்பிடுவது எவ்வளவு பேதைமை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை.

உயிர்ச்சத்து ஏ குறித்த அவருடைய விளக்கம் பின்னர் முழுமையாக நிற்கவில்லை. 1960களில் தாய்லாந்தின் உபோன் பகுதியில் அரீ வல்யாசேவியும் ஸ்காட் ஹால்ஸ்டெட்டும் வேறோர் இழையைப் பிடித்தனர். அங்கே பிறந்த சில நாள்களிலேயே குழந்தைக்குப் பசையரிசிச் சோற்றை ஊட்டுவது வழக்கம். சோறு வயிற்றை நிரப்ப, தாய்ப்பாலின் இடம் சுருங்கியது, பாஸ்பேட்டு குறைந்தது, சிறுநீர் செறிந்து படிகங்கள் மிகுந்தன. பாஸ்பேட்டு சேர்த்துக் கொடுத்தபோது படிகங்கள் குறைந்தன. ஐரோப்பாவில் உழவர் வீட்டுக் குழந்தைகளை வதைத்த இந்நோய் அங்கே உணவு செழித்தபோது மறைந்தது. வறுமையின் கல் என்று இதைச் சொல்வதில் மிகையில்லை.

வறுமையின் கல் மறைந்த இடங்களில் வளமையின் கல் வந்து அமர்ந்தது. இது சிறுநீரகத்தில் தோன்றுவது. பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனது. இங்கேதான் இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் ஒரு நேர்கோட்டுத் தருக்கத்தில் வழுக்கியது. கல்லில் கால்சியம் இருக்கிறது. பாலில் கால்சியம் இருக்கிறது. ஆகவே பாலை நிறுத்துக. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தம்! பல்லாண்டுக் காலம் நோயாளிகள் பாலையும் தயிரையும் துறந்தனர். 1993இல் கேரி கர்ஹனும் அவருடன் பணியாற்றியோரும் 45,619 ஆடவரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டனர். உணவில் கால்சியம் மிகுதியாக உண்டவர்களுக்கே கல் குறைவாக வந்தது. காரணம் குடலில் இருக்கிறது. உணவோடு வரும் கால்சியம் அங்கேயே ஆக்சலேட்டைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. கால்சியம் இல்லாதபோது ஆக்சலேட்டு தடையின்றிக் குருதிக்குள் புகுந்து சிறுநீரகத்தை அடைகிறது. 1997இல் பெண்களிடையே நடந்த ஆய்வு இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தது: உணவிலுள்ள கால்சியம் காத்தது, மாத்திரையாக விழுங்கிய கால்சியம் கல்லின் வாய்ப்பைச் சற்றுக் கூட்டியது.

இறுதி அடி இத்தாலியின் பார்மா நகரிலிருந்து விழுந்தது. மீண்டும் மீண்டும் கல் வந்த, சிறுநீரில் கால்சியம் மிகுந்த 120 ஆடவரை லோரிஸ் போர்கி இரு பாதியாகப் பிரித்தார். ஒரு பாதிக்குக் கால்சியம் குறைந்த பழைய பத்தியம். மறுபாதிக்கு வழக்கமான அளவு கால்சியமும், குறைந்த உப்பும், குறைந்த இறைச்சியும். 2002இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டில் முதற்பிரிவின் 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. இரண்டாம் பிரிவில் 12 பேருக்கு மட்டுமே. இதற்கு முன்பே, 1996இல், நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்தச் செய்து, கல் திரும்புவதை 27 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைத்துக் காட்டியவரும் அவரே. வாழைத்தண்டுச் சாற்றைப் போற்றும்போது, அதனோடு உட்செல்லும் நீரின் பங்கையும் மறக்கலாகாது.

உப்பின் பங்கு நம் ஊர்களில் அதிகம் பேசப்படுவதில்லை. சிறுநீரகத்தில் சோடியம் மிகுதியாக வெளியேறும்போது கால்சியத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று தட்டின் ஓரத்தில் நாம் அடுக்குபவை குற்றவாளிக் கூண்டில் ஏறுவதே இல்லை. ஆக்சலேட்டு மிகக் குறைவாகவுள்ள தக்காளியோ ஆயுள்தண்டனை பெற்று நிற்கிறது. அந்தக் கூண்டுக்குப் பொருத்தமானது பாலக் கீரை. அதையும் எல்லோரும் துறக்க வேண்டியதில்லை. சிறுநீரில் ஆக்சலேட்டு மிகுந்தவர் மட்டும் விலக்கினால் போதும். யூரிக் அமிலக் கல்லுடையவருக்கு இறைச்சியைக் குறைப்பதும் சிறுநீரின் அமிலத்தைத் தணிப்பதும் முதன்மை. சிஸ்டின் கல் பிறவிக் குறை. இரவிலும் எழுந்து நீர் குடிக்க வேண்டிய அளவுக்கு நீர் அங்கே மருந்து. கிருமித் தொற்றால் வரும் கல்லுக்குப் பத்தியத்தால் பெரும் பயனில்லை. தொற்றை நீக்கிக் கல்லை முழுதும் அகற்றவேண்டும். எலுமிச்சையின் சிட்ரேட்டு சிறுநீரில் கால்சியத்தைக் கட்டிவைத்துப் படிகமாகாமல் தடுக்கும். ஆனால் எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கொட்டிக் குடிப்பவர் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறித்துக்கொள்கிறார்.

எந்தக் கல் என்று அறியாமல் எந்த உணவு என்று சொல்ல இயலாது. அதனால்தான் ஒருநாள் முழுதும் கழியும் சிறுநீரைச் சேர்த்து, அதிலுள்ள கால்சியம், ஆக்சலேட்டு, சிட்ரேட்டு, யூரிக் அமிலம், சோடியம் ஆகியவற்றை அளக்கின்றனர். தானே வெளிவரும் கல்லை எறிந்துவிடாமல், வடிகட்டி எடுத்து ஒரு சிறு குப்பியில் கொண்டுவரச் சொல்கின்றனர். மொந்தேன் தம் கற்களின் அளவையும் வடிவையும் எழுதிவைத்தார். அவை எதனால் ஆனவை என்று சொல்லக்கூடியவர் பிறக்க இன்னும் ஏறத்தாழ இருநூறு ஆண்டு இருந்தது.