பொந்தியானாக்கும் சுமைதாங்கியும்

பேய்க்கதை இல்லாத நாடு இல்லை. ஆனால் ஒரு நாட்டார் எதைக் கண்டு அஞ்சினர் என்பது வேறு. அவ்வச்சத்தை என்ன செய்தனர் என்பது வேறு. முன்னதைக் கதை சொல்லும். பின்னதை அறியக் கதையோடு வழக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மலாய் மக்களின் பழங்கதை ஒன்று சிங்கப்பூரில் திரைப்படமான வரலாறு இவ்வகை ஆராய்ச்சிக்கு ஏற்றதொரு சான்றாகும். அவ்வரலாற்றில் தென்னிந்தியர் கையும் கலந்திருத்தலின், அது தமிழர்க்கும் உரியதாகின்றது.

சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பிடோக் வட்டாரத்தில், ஜாலான் கெரிஸ் என்னும் இடத்தில் ஒரு படப்பிடிப்பு நிலையம் இருந்தது. அதன் பெயர் கேத்தே-கெரிஸ். ஹோ ஆ லோக், லோக் வான் தோ என்னும் சீனச் செல்வர் இருவரும் 1953-இல் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது அது. அக்காலத்தில் அப்பகுதி தென்னந்தோப்பும் மலாய்க் குடியிருப்பும் கடலும் சூழ்ந்த இடம். பாலஸ்டியர் பகுதியில், ஜாலான் அம்பாஸ் என்ற தெருவில், ஷா சகோதரர்களின் நிலையம் முன்னமே வேரூன்றியிருந்தது. பி. ரம்லி போன்ற பெரும் நடிகர்கள் அங்கே இருந்தனர். அந்த நிலையத்தோடு போட்டியிட்டு நிற்கக் கேத்தே-கெரிசுக்கு ஒரு பெரும் வெற்றி தேவைப்பட்டது.

அவ்வெற்றியைத் தந்த படம் ‘பொந்தியானாக்’. அது 1957 ஏப்ரல் 27 அன்று கேத்தே திரையரங்கில் முதன்முதல் காட்டப்பெற்றது. ஏறத்தாழ மூன்று மாதம் ஓடியது. கண்டோனீஸ் மொழியில் குரல் சேர்க்கப்பட்டுச் சீன மக்களையும் கவர்ந்தது. அவ்வாண்டிலேயே ‘டெண்டாம் பொந்தியானாக்’ என்ற தொடர்ச்சியும், 1958-இல் ‘சும்பா பொந்தியானாக்’ என்ற மூன்றாம் படமும் வெளிவந்தன. போட்டி நிலையத்தாரும் வாளா இருக்கவில்லை. 1958-இல் ‘அனாக் பொந்தியானாக்’ என்ற படத்தை அவர்களும் எடுத்தனர்.

படத்தை இயக்கியவர் பி. என். ராவ், தென்னிந்தியர். சிங்கப்பூர் வருவதற்கு முன்பே தமிழ்ப்பட உலகில் பெயர் பெற்றவர். 1939-இல் ‘ரம்பையின் காதல்’, 1941-இல் ‘மதனகாமராஜன்’ ஆகிய படங்களை இயக்கியவர் அவரே. மதனகாமராஜன் கதை, கதைக்குள் கதை பொதிந்த நாட்டுக்கதைக் கோவை என்பது தமிழாசிரியர் அறிந்ததே. ஆகவே வாய்மொழிக் கதையைத் திரைக்கு ஏற்றும் கலை அவருக்குப் புதிதன்று. அக்காலத்து மலாய்ப் படங்களை இயக்கியவருள் பலர் இந்தியரே. பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், பணி மஜும்தார் முதலியோர் அவ்வரிசையினர். அவர்களுடைய படங்களில் பாட்டும் ஆட்டமும் கண்ணீரும் இந்தியப் படங்களின் போக்கிலேயே அமைந்தன என்ற குறை மலாய் எழுத்தாளரிடையே இருந்தது. ‘பொந்தியானாக்’ அக்குறைக்கு ஒரு விடையாக அமைந்தது. இயக்குநர் தென்னிந்தியர், முதலாளிகள் சீனர், தலைவியாக நடித்த மரியா மெனாடோ சுலாவேசித் தீவில் பிறந்தவர். ஆயினும் கதை மலாய்க் கம்பத்துக் கதை. அதைத் திரைக்கு எழுதியவர் மரியா மெனாடோவின் கணவராய் அந்நாளில் இருந்த அப்துல் ரசாக்.

இனி, அக்கதை எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம்.

பொந்தியானாக் என்ற சொல்லுக்குப் ‘பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண்’ என்னும் பொருள்படும் மலாய்த் தொடரே மூலம் என்பர். போர்னியோவின் மேற்குக் கரையில் 1771-இல் நிறுவப்பட்ட பொந்தியானாக் நகரின் பெயரும் இப்பேயோடு தொடர்புடையது என்ற செவிவழிக் கதை உண்டு. அவ்விடத்துப் பேய்களைப் பீரங்கி முழக்கி விரட்டிய பின்னரே நகர் எழுந்ததாம். மலாய் உரைநடையின் முன்னோடியான முன்ஷி அப்துல்லா, 1849-இல் சிங்கப்பூரில் அச்சான ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்ற தன்வரலாற்றில், மலாய் மக்கள் நம்பிய பேய்களைப் பற்றி எழுதியுள்ளார். ஆனால் அந்நம்பிக்கைகளை அவர் ஏற்றவரல்லர். அந்த அப்துல்லா தமிழுறவும் உடையவர். அவருடைய பாட்டனார்க்குத் தாய் நாகூர்த் தமிழ்ப்பெண். மலாக்கா வணிகர் கணக்கு எழுதத் தமிழே வழங்கியமையால், இளமையில் அவர் தமிழும் பயின்றார்.

1900-இல் வெளிவந்த ‘மலாய் மந்திரம்’ என்ற ஆங்கில நூலில் ஸ்கீட் என்பார் இன்னும் நுணுக்கமான செய்திகளைத் தருகிறார். அவர் கேட்டறிந்தபடி, பிள்ளைப்பேற்றில் இறந்த தாய் ‘லங்சுயர்’ ஆகிறாள். இறந்து பிறந்த குழவியே பொந்தியானாக். தாய் பேயாகாமல் தடுக்க, பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகளை இடுவர். அக்குளில் கோழிமுட்டை வைப்பர். உள்ளங்கையில் ஊசி பதிப்பர். வாய் திறந்து அலறவும், கை விரித்துப் பறக்கவும் இயலாதபடி செய்யும் காப்பு அது. பேயாகிவிட்டாலோ, அவளைப் பிடித்து நீண்ட கூந்தலையும் நகத்தையும் வெட்டிப் பிடரியிலுள்ள துளையில் அடைத்தால், அவள் மீண்டும் பெண்ணாகி இல்லறம் நடத்துவாளாம். காலப்போக்கில் தாய்க்குரிய கதை பொந்தியானாக் என்ற பெயரோடு சேர்ந்தது. பிடரித் துளையை அடைக்கும் பொருள் இரும்பாணியாயிற்று.

திரைப்படம் இக்கதையை எவ்வாறு மாற்றியது? படத்தின் தலைவி சோமெல் ஒரு கூனி. முதியவர் ஒருவர் அவளை எடுத்து வளர்க்கிறார். அவர் விட்டுச்சென்ற மருந்து நூலைக் கொண்டு அவள் பேரழகி ஆகிறாள். குருதியைச் சுவைத்தல் ஆகாது என்பது அவளுக்குள்ள தடை. மணமாகிப் பெண்குழந்தையும் பிறக்கிறது. ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. நஞ்சை உறிஞ்சி எடுக்குமாறு அவன் வேண்டுகிறான். அவள் வாய் வைத்த அந்நொடியே பேயாகிறாள். கணவன் உயிரைக் காக்கப் போய்த் தன்னை இழந்தவளின் கதை அது.

கதைப்பின்னல் உருக்கமானதே. ஆனால் ஒன்றை நோக்க வேண்டும். பழங்கதையின் உயிர்நிலை பிள்ளைப்பேற்றுச் சாவு. படத்தில் அது மறைந்து, அழகின்மேல் வைத்த ஆசையும் குருதியும் முன்னே வந்தன. பழங்கதையில் சூல்மகளிர்க்கு எதிரியாகத் திரிந்தவள், படத்தில் தன் மகளைப் பிரிந்து ஏங்கும் தாயானாள். இரக்கம் கூடிற்று, காரணம் மறைந்தது.

பிற நாட்டாரும் பழைய அச்சக்கதைகளைத் திரைக்குக் கொணர்ந்தனர். அமெரிக்காவில் ரோஜர் கார்மன் 1962-இல் எட்கர் ஆலன் போவின் கதைகளைக் கோத்து ஒரே படமாக எடுத்தார். ஜப்பானில் மசாகி கோபயாஷி, லாஃப்காடியோ ஹெர்ன் எழுதிவைத்த கதைகளுள் நான்கைத் தேர்ந்து 1964-இல் ‘குவைதான்’ என்ற படத்தை ஆக்கினார். 1965-இல் அது கான் விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு பெற்றது. அவர்கள் கையில் அச்சேறிய இலக்கியம் இருந்தது. படம் மாற்றியதை வாசகர் நூலைத் திறந்து ஒப்பிடலாம். மலாய்க் கதையோ பெரும்பாலும் வாய்மொழி. படத்தைக் கண்ட தலைமுறைக்குப் படமே மூலமாயிற்று.

அம்மூலமும் இன்று இல்லை என்பதே வருந்தத்தக்கது. முதல் இரண்டு படங்களின் பிரதிகளும் கிடைக்கவில்லை. ஹோ ஆ லோக் அவற்றை நீரில் எறிந்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. மூன்றாம் படமான ‘சும்பா பொந்தியானாக்’ மட்டும் எஞ்சியது. லோக் வான் தோ 1964-இல் தைவானில் விமான விபத்தில் மாண்டார். 1970-களின் முற்பகுதியில் கேத்தே-கெரிஸ் படத்தயாரிப்பை நிறுத்தியது. 1966-இல் தொடங்கிய நிலமீட்புக்காகப் பிடோக், சிக்லாப் குன்றுகளின் மண் வெட்டிக் கடலில் கொட்டப்பட்டது. கடல் விலகிற்று, கம்பங்கள் மறைந்தன, அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. எஞ்சிய கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. தமிழ்ப்படமும் மலாய்ப்படமும் அறிந்த ஓர் இயக்குநரின் மிகப் புகழ்பெற்ற படம் மட்டும் அப்பட்டியலில் சேர வழியில்லாது போயிற்று.

இனித் தமிழ் வழக்கிற்கு வருவோம். கொலையுண்ட மனைவி பேயாகி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வணிகனை வழக்கில் மடக்கிய பழையனூர் நீலியின் கதை நம்மிடம் உண்டு. அவளுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர் சொல் காத்துத் தீப்புகுந்தனர் என்பது மரபு. தென்பாண்டி நாட்டில் நீலியின் கதை இசக்கியம்மனோடு இணைந்தது. குழந்தை ஏந்திய அத்தெய்வத்தை மக்கள் பிள்ளைவரம் வேண்டி வழிபடுகின்றனர். பேயின் பிடியை ஓட்ட உச்சிமயிரை மரத்தில் ஆணியடித்து நிறுத்தும் வழக்கமும் நம் ஊர்களில் உண்டு. எனவே இரும்பாணி மலாய் நாட்டிற்கு மட்டும் உரியதன்று.

ஆனால் நம் மரபில் வேறொன்றும் உண்டு. அது சுமைதாங்கி. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக, வழியோரத்தில் இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்துவர். தலைச்சுமையோடு வருபவர், பிறர் துணையின்றியே சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறிச் செல்லலாம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் அவள். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை இறக்கும்போது அவள் சுமையும் குறையும் என்பது நம்பிக்கை. சாவு ஒன்றே, அச்சமும் ஒன்றே. ஓரிடத்தில் ஊசியும் ஆணியும், ஓரிடத்தில் கல். ஆணி அவளைக் கட்டுகிறது. கல் அவளை ஆற்றுகிறது.

இவ்வச்சம் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளத்தக்கதன்று. மருத்துவ வசதி பரவாத காலத்தில் ஒவ்வொரு பேறும் மறுபிறப்பாகவே இருந்தது. சிராங்கூன் சாலையை அடுத்து, மாட்டுக்கொட்டிலின் பெயரால் கண்டாங் கெர்பாவ் என வழங்கும் இடத்து மருத்துவமனை, 1924-இல் மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966-இல் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. ஓரிடத்தில் ஓராண்டில் நிகழ்ந்த பிறப்புகளில் அது உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. பொந்தியானாக்கைக் கம்பத்திலிருந்து ஓட்டியது ஆணியன்று. மருத்துவச்சியும் மருத்துவரும் ஆவர்.

அச்சம் நீங்கியபின் கதை வேடிக்கையாகிறது. வேடிக்கைக்குள்ளே ஒரு காலத்துத் தாய்மாரின் சாவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடன். ஊர்ப்புறத்துச் சுமைதாங்கிகள் சாலை அகலப்படுத்தும்போது பெயர்க்கப்படுகின்றன. ‘பொந்தியானாக்’ படச்சுருள் நீரில் போயிற்று. சுருள் மீளாது. கல்லையாவது காத்தல் வேண்டும்; அக்கல் யாருக்காக நடப்பட்டது என்பதையும் சேர்த்தே காத்தல் வேண்டும்.