கடும் சுவாசகோச ஊறும் சிரைவழித் திரவங்களும்

கடும் சுவாசகோச ஊறு என்பது, நிமோனியாவினாலோ, இரத்தத்தில் பரவிய கிருமித் தொற்றாகிய செப்ஸிஸினாலோ, பெருங்காயத்தினாலோ, கணைய அழற்சியினாலோ, வாந்தி மூச்சுக்குழலுள் இறங்குவதனாலோ, நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளைச் சூழ்ந்துள்ள தந்துகிகளின் சுவர் பழுதுற்று, இரத்தத்தின் நீரும் புரதமும் காற்று நிற்கவேண்டிய இடத்தில் வந்து நிறைந்து, பிராணவாயு இரத்தத்திற் கலப்பது சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தடைப்படுகின்ற அவஸ்தையாகும். இருதயம் பலவீனப்பட்டதால் சுவாசகோசத்தில் நீர் தேங்குவது இதனின் வேறு. அங்கே சுவர் நன்றாயிருக்க அழுத்தம் மிகுகிறது, இங்கே அழுத்தம் மிகாதிருந்தும் சுவர் ஒழுகுகிறது. இந்நோயாளிகளுள் பலருக்கு இரத்த அழுத்தமும் தாழ்ந்துவிடுவதால் சிரை வழியே திரவம் ஏற்றாமல் இருக்க முடிவதில்லை. ஏற்றினாலோ அதில் ஒரு பங்கு ஒழுகும் சுவாசகோசத்துக்கே போய்ச் சேர்கிறது. ஏற்றும் திரவத்தின் அளவும் வகையும் சுவாசகோசத்தின் கதியையும் சிறுநீரகத்தின் கதியையும் பாதிக்கின்றன என்பது ஏறக்குறைய இருநூறாண்டு அனுபவத்தால் தெரியவந்த உண்மை.

சிரை வழியே திரவம் செலுத்தும் முறை சுவாசகோச நோயை முன்னிட்டுப் பிறந்ததன்று. வாந்திபேதியை முன்னிட்டுப் பிறந்தது. 1831ஆம் ஆண்டின் இறுதியில் காலரா இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுகமாகிய சண்டர்லாந்தில் இறங்கியபோது, எடின்பரோவில் வைத்தியம் பயின்று இருபத்திரண்டு வயதே நிரம்பியிருந்த அயர்லாந்துக்காரரான வில்லியம் புரூக் ஓஷானஸி அங்கே சென்று, நோயாளிகளின் இரத்தத்தைப் பரிசோதித்து, அது தன் நீரிலும் உப்பிலும் பெரும்பகுதியை இழந்து கெட்டிப்பட்டிருப்பதைக் கண்டு, இழந்தவற்றை இரத்தத்துக்கே திருப்பித் தருவதுதான் தக்க சிகிச்சை என்று ‘லான்செட்’ பத்திரிகைக்கு எழுதினார். எழுதினாரேயன்றி மனிதரிடம் அதனைச் செய்து பார்த்தாரில்லை. செய்து பார்த்தவர் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் வைத்தியம் செய்துவந்த தாமஸ் லாட்டா.

1832ஆம் ஆண்டில், மலக்குடல் வழியே நீரேற்றிப் பயன் காணாத லாட்டா, மரணத் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் கைச் சிரையில் குழாயைச் செருகி, சாப்பாட்டு உப்பும் சோடாவும் கரைத்த வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். முதற் சில அவுன்ஸ்கள் சென்றும் ஒரு மாறுதலும் தோன்றவில்லை. பிறகு மூச்சு சீர்ப்பட்டது, குழிவிழுந்த கண்கள் தெளிந்தன, அற்றுப்போயிருந்த நாடி மணிக்கட்டில் திரும்பிற்று. அரை மணி நேரத்தில் ஆறு பைன்ட், அதாவது ஏறத்தாழ மூன்று லிட்டர், உட்சென்றிருந்தது. அபாயம் நீங்கிற்று என்றெண்ணி லாட்டா அவளை ஆஸ்பத்திரி வைத்தியரிடம் ஒப்புவித்துச் சென்றார். சிறிது நேரத்தில் பேதி மீண்டும் தொடங்கிற்று. மறுபடி நீரேற்றுவாரில்லாமல் ஐந்தரை மணி நேரத்துக்குள் அவள் இறந்தாள். ஆகவே, இச்சிகிச்சையின் சரித்திரம் போதாமையினால் விளைந்த ஒரு மரணத்தோடு தொடங்குகிறது. பிற்காலத்து வைத்தியர் குறைத்துக் கொடுப்பதற்கு அஞ்சிய அளவு மிகுத்துக் கொடுப்பதற்கு நெடுங்காலம் அஞ்சாதிருந்ததற்கு இத்தொடக்கமும் ஒரு காரணம் எனலாம். லாட்டா மறு ஆண்டே காலமானார். ஓஷானஸி கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் போதித்து, பின்னர் இந்தியாவெங்கும் தந்திக் கம்பி நாட்டிப் புகழ்பெற்றார். தந்திக்காக அவரை நினைப்போர் சிலர் உண்டு, உப்புநீருக்காக நினைப்போர் அரியர்.

லாட்டாவின் திரவம் இரத்தத்தைவிட நீர்த்தது, சுத்திகரிக்கப்படாதது, பெரும்பாலும் சாகும் நிலையில் இருந்தவர்களுக்கே செலுத்தப்பட்டது. ஆதலால் கொள்ளைநோய் அடங்கியதும் முறையும் மறக்கப்பட்டது. அது மீண்டும் உயிர்பெற்றது உடலியல் ஆராய்ச்சிக்கூடத்தில். லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இருதயத்தை உடலினின்றும் எடுத்து உப்புநீரில் துடிக்கவைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். சாதாரண உப்பு மட்டுமே கரைத்த நீரில் அது நெடுநேரம் துடிப்பதைக் கண்டு 1882இல் அவ்வாறே எழுதவும் செய்தார். உதவியாளர் வாலைவடிநீருக்குப் பதிலாக லண்டன் குழாய்நீரைக் கொண்டு திரவத்தைத் தயாரித்திருந்தார் என்பதும், அந்நீரில் இருந்த சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியமே இருதயத்தைத் துடிக்கச் செய்தது என்பதும் பின்னரே வெளியாயின. 1883இல் ரிங்கர் தம் முடிவைத் திருத்தி வெளியிட்டார். சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் உரிய அளவில் சேர்ந்த ரிங்கர் திரவம் இவ்வாறு பிறந்தது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் குழந்தை வைத்தியரான அலெக்ஸிஸ் ஹார்ட்மன், பேதியால் இரத்தம் அமிலமுற்ற சிசுக்களுக்கென அதில் சோடியம் லாக்டேட்டைச் சேர்த்தார். இன்று ரிங்கர் லாக்டேட் என்று எங்கும் வழங்குவது அதுவே. மற்றொரு புறம், ஹாலந்து தேசத்து ஹாம்பர்கர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிவப்பணுக்கள் உடையாத உப்புச்செறிவை ஆராய்ந்து, மனித இரத்தத்துக்கு ஒத்தது 0.9 சதவீதம் என்றார். சோதனைக் குழாயில் அணுக்களைப் பற்றிக் கூறப்பட்ட அவ்வெண், நோயாளியின் உறுப்புகளைப் பற்றி யாதொரு விசாரணையுமின்றி ஆஸ்பத்திரிகளில் நிலைபெற்று, இயல்புத் திரவம் என்ற பெயரையும் சம்பாதித்துக்கொண்டது.

திரவங்களை வகுக்கும் முறை ரசாயனத்திலிருந்து வந்தது. ஸ்காட்லாந்து ரசாயன சாஸ்திரியாகிய தாமஸ் கிரஹாம் 1861இல், மெல்லிய தோலை ஊடுருவிச் செல்லும் உப்பு, சர்க்கரை போன்றவற்றை ஸ்படிக வகையென்றும், ஊடுருவாது தங்கும் பசை, புரதம் போன்றவற்றைக் கூழ்ம வகையென்றும் பிரித்தார். உப்புநீரும் ரிங்கர் லாக்டேட்டும் முன்னதிலும், ஆல்புமின், ஜெலட்டின், டெக்ஸ்ட்ரான், ஸ்டார்ச் ஆகியவை பின்னதிலும் அடங்கும். இப்பாகுபாட்டுக்கு வைத்தியத்தில் உயிர் கொடுத்தவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். தந்துகிக்குள் இரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, பிளாஸ்மாவிலுள்ள புரதம் அதனை உள்ளே இழுக்கிறது, இவ்விரண்டின் வித்தியாசமே திசுவில் நீர் சேர்வதையும் சேராததையும் தீர்மானிக்கிறது என்று அவர் 1896இல் நிறுவினார். இதனின்றும் வைத்தியர் ஓர் எளிய முடிபுக்கு வந்தனர்: கூழ்மத் திரவம் கொடுத்தால் அது குழாய்க்குள்ளேயே தங்கும், சுவாசகோசம் உலர்ந்திருக்கும். முடிபு அழகியது, ஆயின் அது பழுதில்லாத சுவருக்கே பொருந்தும். கடும் ஊறில் ஓட்டை விழுந்த சல்லடையாகிவிடும் சுவர் உப்பையும் புரதத்தையும் ஒருசேர விடுகிறது. புரதம் காற்றறைக்குள் சென்றதும், உள்ளிழுக்க வேண்டிய அந்தப் பொருளே வெளியிலிருந்து நீரை இழுக்கத் தொடங்குகிறது. தந்துகியின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள கிளைக்கோகாலிக்ஸ் என்னும் நுண்ணிய சர்க்கரைப் படலமே தடுப்பின் முக்கிய பாகம் என்பதும், அது செப்ஸிஸில் உரிந்துபோகிறது என்பதும் அண்மைக் காலத்தில் அறியப்பட்டு, ஸ்டார்லிங்கின் விதி அதற்கேற்பத் திருத்தப்பட்டுள்ளது.

சுவாசகோசத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே உள்ள இழுபறி யுத்தகளத்தில்தான் கண்ணெதிரே புலப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்திலும் கொரியாவிலும் காயம்பட்ட வீரர்கள், இரத்த அழுத்தம் வீழும் அதிர்ச்சி நிலையிலிருந்து தப்பியும் சிறுநீர் அற்றுப்போய் இறந்தனர். இரத்தநாளங்களுக்கு வெளியேயுள்ள நீரையும் ஈடுசெய்ய வேண்டுமென்னும் கொள்கை 1960களில் வலுப்பெற்றதால், வியத்நாமில் அடிபட்டவர்களுக்கு இரத்தத்தோடு உப்புத் திரவமும் ஏராளமாகவும் துரிதமாகவும் ஏற்றப்பட்டது. சிறுநீரகங்கள் பிழைத்தன, ஆனால் ஓரிரு நாட்களில் மார்புப் படம் வெண்மையாகி, பிராணவாயு எவ்வளவு கொடுத்தும் நீலம்பாரித்து மூச்சுத்திணறும் ஒரு புதிய நோயைக் கண்ட இராணுவ வைத்தியர், அங்கிருந்த தளத்தின் பெயரால் அதனை ‘தானாங் சுவாசகோசம்’ என்றனர். 1967இல் டென்வர் நகரத்தின் ஆஷ்பா, பிகலோ, பெட்டி, லெவின் ஆகிய நால்வர், 272 நோயாளிகளுள் இத்தகைய 12 பேரை விவரித்து எழுதியதே இந்நோய்க்கு மருத்துவ நூல்களில் இடம் தந்தது. எவ்வளவு நீரை எத்தனை நாள் கொடுப்பது என்னும் வினாவோ மேலும் நாற்பதாண்டு அவரவர் மனப்போக்குக்கே விடப்பட்டிருந்தது.

அதற்கு விடையளித்தது 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு. ஆயிரம் நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவில், இருதயத்தை அடுத்த பெருஞ்சிரையில் அளக்கும் மத்திய சிரை அழுத்தம் 4 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருக்கும்படி நீர் குறைக்கப்பட்டும் ஃபுரோசிமைடு கொடுத்துச் சிறுநீராய் வெளியேற்றப்பட்டும் வந்தது. மற்றதில் அவ்வழுத்தம் 10 முதல் 14 வரை இருக்க அனுமதிக்கப்பட்டது. அதிர்ச்சி நிலையில் இருந்த நேரத்தில் இவ்விதி யாருக்கும் பிரயோகிக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஏழாம் நாள் முடிவில் தாராளப் பிரிவினர் உடலில் ஏறக்குறைய 7 லிட்டர் மிகுதியாகச் சேர்ந்திருந்தது. சிக்கனப் பிரிவில் சேர்ந்தது ஏதுமில்லை. அறுபது நாள் மரணம் முறையே 28.4, 25.5 சதவீதம், இவ்வேற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் முதல் 28 நாட்களில் சுவாச யந்திரமின்றிக் கழிந்த நாட்கள் சிக்கனப் பிரிவில் 14.6, மற்றதில் 12.1. வைத்தியர் அஞ்சியது போல் சிறுநீரகம் கெட்டதா எனில், டயாலிசிஸ் தேவைப்பட்டோர் சிக்கனப் பிரிவில் 10 சதவீதமும் தாராளப் பிரிவில் 14 சதவீதமும் ஆவர். சிறுநீரகம் கழிக்கவேண்டிய கழிவாகிய கிரியேட்டினின் இரத்தத்தில் உள்ள அளவை மட்டும் பார்த்தவர்களுக்கு முதலில் நேர்மாறாகத் தோன்றிற்று; ஏழு லிட்டர் நீரில் அது நீர்த்திருந்ததைக் கணக்கிட்டுத் திருத்தியபின், சிறுநீரக ஊறு தாராளப் பிரிவிலேயே மிகுதியென்று தெரிந்தது. சிரைகளில் தேங்கும் நீர் சிறுநீரகத்தினின்றும் இரத்தம் வெளியேறுவதையும் தடுத்து, உறைக்குள் வீங்கிய அவ்வுறுப்பைத் தானே நசுங்கச் செய்கிறதாகலின் இதில் வியப்பில்லை.

இனி வகை. உப்புநீரின் ஒவ்வொரு லிட்டரிலும் 9 கிராம் உப்பு இருக்கிறது; உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் உணவுக்கு அனுமதிப்பது 5 கிராமுக்கும் குறைவு. அதன் குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல். பிளாஸ்மாவிலோ 100க்குச் சற்று ஏறக்குறையவே. மிகுந்த குளோரைடு இரத்தத்தை அமிலமாக்குவதோடு, சிறுநீரகக் குழலில் அதனை உணரும் அணுக்களின் ஏவலால் வடிகட்டிக்கு இரத்தம் கொணரும் நுண்நாளத்தைச் சுருங்கச் செய்கிறது. அமிலம் மிகுந்தபோது அதைக் கரியமிலவாயுவாய் வெளியேற்றவேண்டிய சுமையும் ஏற்கெனவே நொந்த சுவாசகோசத்தின்மேல் விழுகிறது. 2018இல் டென்னஸியில் 15,802 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மரணம், டயாலிசிஸ், நிலைத்த சிறுநீரகப் பழுது இவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தோர் உப்புநீர்ப் பிரிவில் 15.4 சதவீதம், ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைத் திரவப் பிரிவில் 14.3 சதவீதம். பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் பின்னர் நடந்த ஆய்வுகளில் மரணத்தில் தெளிவான வித்தியாசம் புலப்படவில்லையெனினும், சமநிலைத் திரவத்தையே முதலில் எடுப்பது முறையாகிவிட்டது. தலைக்காயம் உடையவர்க்கு மட்டும் உப்புநீரே உகந்தது.

கூழ்மங்களுள் மிகுந்த பிரசித்தி பெற்று மிகுந்த கேடு விளைத்தது ஸ்டார்ச். ஒழுகும் தந்துகியின் துவாரங்களை அது அடைக்குமென்று கூட நம்பப்பட்டது. ஆனால் அது சிறுநீரகக் குழல்களில் தங்கிவிடுகிறது. தோலிற் படிந்து தீராத அரிப்பை உண்டாக்குகிறது. 2012இல் ஸ்கண்டிநேவியாவில் கடும் செப்ஸிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் தொண்ணூறு நாள் மரணம் ஸ்டார்ச் பிரிவில் 51 சதவீதம், சமநிலைத் திரவமாகிய ரிங்கர் அசிடேட் பிரிவில் 43. டயாலிசிஸ் 22க்கு 16. ஐரோப்பாவில் 2022இல் ஸ்டார்ச்சின் விற்பனை அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. ஆல்புமின் அத்தகைய கேடு செய்வதன்று. ஆயினும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 6,997 பேரிடம் 2004இல் அதனை உப்புநீரோடு ஒப்பிட்டபோது மரணத்தில் வேற்றுமை இல்லை. தலைக்காயத்தில் அது தீமையே செய்தது. இரத்தப் புரதம் மிகக் குறைந்த சுவாசகோச நோயாளிக்கு ஆல்புமினை ஃபுரோசிமைடுடன் கொடுத்தால் பிராணவாயுவின் நிலை மேம்படுகிறது என்பது சிறு ஆய்வுகளால் தெரிந்தது. விலையோ உப்புநீரைவிடப் பன்மடங்கு.

மற்ற உறுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சி அவ்வளவு இல்லை. மிகுந்த நீர் குடற்சுவரை வீங்கச் செய்து வயிற்றறையின் அழுத்தத்தை உயர்த்துகிறது. அவ்வழுத்தம் உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. ஈரலில் சிரைத் தேக்கம் உண்டாகிறது. நீரை மிகக் குறைத்தாலும் தீங்குண்டு: சுவாச யந்திரத்தின் அழுத்தத்தால் ஏற்கெனவே இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்திருப்பதால் இரத்த ஓட்டம் தளரக்கூடும். 2006ஆம் ஆண்டு ஆய்வில் பிழைத்தவர்களுள் சிலரைப் பின்னாளில் பரிசோதித்தபோது, சிக்கனப் பிரிவினரிடையே ஞாபகமும் சிந்தனையும் குன்றியோர் மிகுந்து காணப்பட்டனர்.

நடைமுறையில் வார்டிலுள்ளோர் கவனிக்கத் தவறுவது பெரிய பாட்டில்களையன்று. ஆன்டிபயாடிக் ஒவ்வொன்றையும் 100 மில்லிலிட்டர் உப்புநீரில் கலந்து நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை ஏற்றுவதும், மருந்துக்குப்பின் குழாயைக் கழுவ 10 மில்லிலிட்டர் செலுத்துவதும், சிரை அடைபடாதிருக்கச் சொட்டுச் சொட்டாய் ஓடவிடுவதும் சேர்ந்து ஒரு லிட்டரை எட்டிவிடுகின்றன. டிரிப் எழுதிய சீட்டில் இவை காணப்படா, நர்ஸ் குறிக்கும் வரவு செலவுக் கணக்கில் மட்டுமே தென்படும்.

கடும் சுவாசகோச ஊறு என்னும் பெயர் 2012இல் பெர்லின் வரையறையால் நீக்கப்பட்டு, லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என மூவகைப்பட்ட தீவிர சுவாச இடர்ப்பாட்டு நோய்க்குறித்தொகுதியில் அடங்கிவிட்டது. 2023இல் தாழ் அழுத்தமுற்ற செப்ஸிஸ் நோயாளிகள் 1,563 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், தொடக்கத்தில் நீரைச் சிக்கனமாகக் கொடுத்ததற்கும் தாராளமாகக் கொடுத்ததற்கும் மரணத்தில் வேற்றுமை காணப்படவில்லை. ஐரோப்பிய தீவிர சிகிச்சைச் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தீவிர சுவாச இடர்ப்பாட்டு நோயில் ஆல்புமினைவிட ஸ்படிகத் திரவத்தையே பரிந்துரைக்கிறது.