விலங்கின் விலை

சித்தம் கலங்கியவனைக் கட்டிப் போடுவது எதற்காக என்று யாரைக் கேட்டாலும், "அவன் தன்னையோ பிறரையோ அடித்துக் கொன்றுவிடாமல் இருப்பதற்காக" என்றுதான் பதில் வரும். பதில் தவறில்லை, ஆனால் முழுப் பதிலும் இல்லை. மனநோய் ஆஸ்பத்திரிகளின் சரித்திரத்தைப் புரட்டுகிறவர்களுக்கு, சங்கிலிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் உள்ள உறவு கண்ணில் படாமல் போகாது. வெறி கொண்ட ஒருவனை அடக்கி, அவன் ஆத்திரம் தணியும் வரையில் பக்கத்தில் இருக்க மூன்று நான்கு ஆட்கள் வேண்டும். ஆட்களுக்கு மாதாமாதம் சம்பளம் தரவேண்டும். சங்கிலியை ஒரு தடவை வாங்கினால் போதும். அதற்குச் சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம், லீவும் வேண்டாம்.

லண்டன் நகரத்துப் பெத்லம் ஆஸ்பத்திரி மிகப் பழமையானது. கூச்சலுக்கும் குழப்பத்துக்கும் ஆங்கிலத்தில் 'பெட்லம்' என்ற சொல் வந்தது அதன் பெயர் மருவித்தான். 1814-ஆம் ஆண்டில் எட்வர்ட் வேக்ஃபீல்டு என்ற பரோபகாரி, வேறு சிலரையும் அழைத்துக்கொண்டு அதற்குள் போனார். அங்கே ஓர் அறையில் ஜேம்ஸ் நாரிஸ் என்ற மனிதனைக் கண்டார்கள். அமெரிக்காவைச் சேர்ந்தவன், கப்பற்படையில் சிப்பாயாக இருந்தவன். அவன் கழுத்தைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். அந்த வளையம், சுவரோரம் நட்டிருந்த ஆறடிக்கு மேற்பட்ட இரும்புக் கம்பத்தோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தது. தோளிலும் இடுப்பிலும் இரும்புப் பட்டைகள். கைகள் விலாவோடு சேர்த்து இறுக்கப்பட்டிருந்தன. எழுந்து நிற்கலாம், மல்லாந்து படுக்கலாம், ஓரடி எடுத்து வைக்க முடியாது. ஏறக்குறையப் பத்து வருஷம் அவன் இப்படி இருந்தான். வந்தவர்கள் பேச்சுக் கொடுத்தபோது நிதானமாகப் பதில் சொன்னான். பத்திரிகை படிப்பான், ஒரு பூனையை வைத்துக்கொண்டு பொழுது போக்குவான்.

இந்த இரும்பு ஜோடனை யாரோ ஒரு கொடியவன் மூளையில் ரகசியமாக உதித்ததல்ல. நாரிஸ் பலசாலி, காவலாளியைத் தாக்கியிருந்தான். அவனுடைய மணிக்கட்டைக் காட்டிலும் கை சிறியது. ஆகையால் எந்தக் கைவிலங்கும் நழுவிவிடும். நிர்வாகிகளுக்குத் தெரிந்துதான் அவனுக்கென்று தனியாக இதைச் செய்து மாட்டினார்கள். அவனுக்கென்று தனியாக ஓர் ஆளை நியமிக்கலாமே என்ற யோசனை செல்லுபடியாகவில்லை.

அடுத்த வருஷமே பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று கூடி விசாரணை நடத்தியது. பெத்லத்தின் பெரிய டாக்டர் தாமஸ் மன்றோ சாட்சி சொல்ல வந்தார். சென்னையில் குதிரை மேல் சிலையாக உட்கார்ந்திருக்கும் மன்றோ வேறு; இவர் வேறு. இவருக்கு அந்தப் பதவி பாட்டன் காலத்திலிருந்து வந்த குடும்பச் சொத்துப் போல. அத்துடன், வசதியுள்ள வீட்டு நோயாளிகளுக்காகச் சொந்தத்தில் ஒரு விடுதியும் நடத்திவந்தார். அந்த விடுதியில் சங்கிலி உண்டா என்று கமிட்டியார் கேட்டார்கள். இல்லை என்றார். ஏன் இல்லை? சங்கிலி ஏழைப் பைத்தியங்களுக்குத்தான் ஏற்றது, கனவான் ஒருவருக்கு இரும்பை மாட்டினால் அவருக்குப் பிடிக்காது என்றார். தம்முடைய விடுதியில் நோயாளிகள் நாற்பது சொச்சம் பேர் என்றும், வேலையாட்களும் ஏறக்குறைய அத்தனை பேர் இருப்பதால் சங்கிலிக்கு அவசியமே நேருவதில்லை என்றும் விளக்கினார்.

நான் கதை எழுதுகிறவன். இப்படி ஒரு வசனத்தைக் கற்பனையில் எழுதியிருந்தால், துஷ்ட பாத்திரத்தை அளவுக்கு மீறிக் கறுப்பாகத் தீட்டிவிட்டதாக வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள். ஆனால் மன்றோ துஷ்டர் அல்ல. மற்றவர்கள் வைத்திய சாஸ்திரத்தின் பெயரால் மூடி மறைத்த விஷயத்தை அவர் பச்சையாகப் போட்டு உடைத்துவிட்டார், அவ்வளவுதான். வியாதி ஒன்று, டாக்டரும் ஒருவரே. ஆளுக்கு ஓர் ஆள் இருந்த இடத்தில் சங்கிலி இல்லை. ஆள் இல்லாத இடத்தில் சங்கிலி இருந்தது. மறு வருஷம் மன்றோ பதவியை விட்டு விலகினார். நாரிஸை இரும்பிலிருந்து விடுவித்தார்கள். ஆனால் 1815-லேயே அவன் இறந்துபோனான்.

சங்கிலியை அவிழ்ப்பது சாத்தியந்தானா என்ற கேள்விக்கு விடை லிங்கன் என்ற சிறிய ஊரிலிருந்து வந்தது. அங்கே இருந்த மனநோய் விடுதியில் 1829-ல் ஒரு நோயாளிக்குக் கையைக் கட்டும் கித்தான் சட்டையைப் போட்டு, இரவில் கட்டிலோடு வாரினால் பிணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடந்தான். டாக்டர் சார்ல்ஸ்வொர்த் முதலிய நிர்வாகிகள் அதன்மேல் ஒரு விதி செய்தார்கள். இரவில் யாரையாவது கட்டிப் போட்டால், விடியும் வரையில் ஓர் ஆள் அவன் அருகில் இருந்தாக வேண்டும். கட்டாதே என்று விதி சொல்லவில்லை; கட்டினால் காவலுக்கு ஆள் போடு என்றுதான் சொன்னது. இந்த விதியைப் படித்தபோது அதிலுள்ள சாமர்த்தியத்தை நான் மிகவும் ரசித்தேன். சங்கிலிக்கு இருந்த ஒரே அனுகூலம் ஆள் வேண்டாம் என்பதுதானே? அது அன்றோடு போயிற்று.

பலன் உடனே தெரியவில்லை. 1830-ல் விடுதியில் இருந்த 92 நோயாளிகளில் 54 பேர் கட்டுண்டார்கள். அந்த வருஷம் அவர்கள் கட்டில் கிடந்த நேரம் மொத்தம் 27,000 மணிக்கு மேல். 1834-ல் நோயாளிகள் 109 பேராகப் பெருகியிருந்தும், நேரம் சுமார் 6,600 மணியாகக் குறைந்தது. 1835-ல் ராபர்ட் கார்டினர் ஹில் என்ற இளம் டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். 1837-ல் 130 நோயாளிகளில் கட்டுண்டவர்கள் இரண்டே பேர். நேரம் 28 மணி. 1838-ல் ஒருவர்கூட இல்லை.

ஹில் ஒரு சொற்பொழிவில், தக்க கட்டிடமும் போதுமான ஆட்களும் இருந்தால் எந்தப் பைத்தியத்தையும் எந்தச் சமயத்திலும் கட்ட வேண்டியதில்லை என்று அடித்துப் பேசினார். வாக்கியத்தின் பின்பாதியை எல்லோரும் கொண்டாடினார்கள். 'போதுமான ஆட்களும் இருந்தால்' என்ற முன்பாதிதான் பணம் கேட்டது. ஆட்கள் நல்ல உயரமும் பலமும் உள்ளவர்களாக இருக்கவேண்டும், அதற்குத் தகுந்த சம்பளமும் வேண்டும் என்று அவர் சொன்னார். எதிர்ப்பு மூண்டது, 1840-ல் அவர் வேலையை விட்டுப் போனார்.

லிங்கனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஜான் கானலி என்ற டாக்டர், 1839 ஜூன் மாதம் லண்டனுக்கு அருகிலுள்ள ஹான்வெல் விடுதியில் பதவி ஏற்றார். அங்கே 800 பேர். அத்தனை பேரும் ஏழைகள். செப்டம்பர் முடிவதற்குள் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டிவைக்கும் நாற்காலி எல்லாவற்றையும் ஒழித்துவிட்டார். மெத்தை தைத்த சுவர்கள் உள்ள தனி அறை, பொறுமையுள்ள சிப்பந்திகள், இவைதாம் அவருடைய ஆயுதங்கள். லண்டன் பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்தன. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பணம் தருவது வரி கொடுப்பவர்கள். அதை நிர்வகிப்பது மாஜிஸ்டிரேட்டுகள். கானலி அவர்களோடு மல்லுக்கட்டி ஓய்ந்து, 1844-ல் அங்கே தங்கியிருந்து பார்த்த பொறுப்பை விட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விடுதிகள் பெருத்தன. 1851-ல் கால்னி ஹாட்சில் 1,250 பேருக்கென்று ஒரு மாளிகை எழும்பியது. அதிலும் பின்னால் 2,000 பேருக்கு மேல் அடைத்தார்கள். வாரத்துக்குத் தலைக்கு எத்தனை ஷில்லிங் என்பதே நிர்வாகத்தின் தராசு. சங்கிலி போனது உண்மை. ஆனால் அதன் இடத்தில் போதிய ஆட்கள் வரவில்லை. வந்த சொற்ப ஆட்களோ விடியற்காலை முதல் இரவு வரையில் உழைத்தார்கள், அடி வாங்கினார்கள், பொறுமை இழந்து அடி கொடுத்தார்கள். அவர்களைக் குரூர ஜன்மங்களாக வர்ணிப்பது என்னைப் போன்ற கதாசிரியர்களுக்கு எளிது. ஐம்பது பேருடைய வெறியை இரண்டு பேர் தாங்கவேண்டும் என்றால் அந்த இரண்டு பேர் என்ன ஆவார்கள் என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கவேண்டும். 1910-ல் அவர்கள் தங்களுக்கென்று தேச அளவில் ஒரு தொழிற்சங்கம் அமைத்துக்கொண்டது சும்மா அல்ல.

ஆட்களுக்குப் பதிலாக மருந்து வந்தது. 1869-க்குப் பிறகு குளோரால் என்ற தூக்க மருந்து விடுதிகளில் தாராளமாகப் புழங்கியது. 1952-ல் பாரிஸ் நகரத்து ஸேன்ட் ஆன் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிக்கர் என்ற இரு டாக்டர்கள் குளோர்ப்ரோமஸின் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கூச்சல் ஓய்ந்தது, வெறும் தூக்கமாக அல்ல, பலருக்குத் தெளிவாகவே ஓய்ந்தது. அந்த மருந்தை நான் குறை கூற மாட்டேன். அதனால் வீடு திரும்பியவர்கள் அநேகம். ஆனால் அமெரிக்காவில் அதை விற்ற கம்பெனி டாக்டர்களிடம் மட்டும் போகவில்லை. மாநிலச் சட்டசபைகளுக்கும் ஆள் அனுப்பி, இதற்குச் செலவு செய்தால் ஆஸ்பத்திரிச் செலவு மிச்சமாகும் என்று எடுத்துச் சொன்னது. பழைய கணக்குப் புத்தகம் மறுபடியும் திறந்துகொண்டது.

இந்தக் கணக்கே சரிதானா என்று யாராவது கூட்டிப் பார்த்தார்களா? அண்மைக் காலத்தில்தான் பார்த்தார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், இளவயது நோயாளிகளுக்கான ஓர் இடத்தைப் பற்றிய ஆய்வு 2005-ல் வெளிவந்தது. 2000-ஆம் ஆண்டில் அங்கே நோயாளிகளைப் பிடித்து அடக்கிக் கட்டிவைப்பதற்கு ஆன செலவு 14 லட்சம் டாலருக்கு மேல். ஒருவரைக் கட்டுவதற்குப் பலர் ஓடி வரவேண்டும், பிறகு காவல் இருக்கவேண்டும், அறிக்கை எழுதவேண்டும், காயம் பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கவேண்டும் அல்லவா? ஆத்திரம் மூளுவதற்கு முன்பே கவனித்துப் பேசித் தணிக்கும் முறையைச் சிப்பந்திகளுக்குக் கற்பித்தார்கள். 2003-ல் அந்தச் செலவு 1 லட்சத்துச் சொச்சம் டாலராக இறங்கிவிட்டது. லிங்கனில் 1829-ல் செய்த விதியின் தத்துவம் இதுவேதான். கட்டுவதன் முழு விலையையும் கட்டுகிறவன் தலையில் வைத்தால், கட்டுவது மலிவாக இருப்பதில்லை.

முழு விலையையும் நோயாளியின் தலையில் வைத்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊரிலேயே பார்த்துவிட்டோம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். பெத்லத்தில் நாரிஸின் சங்கிலி அவிழ்ந்து ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்குப் பிறகு நடந்தது இது.

2017-ல் நம் நாட்டில் வந்த மனநலச் சட்டம், நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்கிறது. தவிர்க்க முடியாத ஆபத்தில் வேறு வகையில் கட்டுப்படுத்த நேர்ந்தால், அதற்கும் நிபந்தனைகள் விதிக்கிறது. அவற்றில் ஒன்றைப் படித்தபோது எனக்கு மன்றோவின் ஞாபகம் வந்தது. ஆள் போதவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைக் கட்டுப்படுத்தலாகாது என்று அதில் எழுதியிருக்கிறது. அவர் கமிட்டி முன் சொன்ன சமாதானத்தையே பெயர் சொல்லாமல் சட்டம் தள்ளிவிட்டது. அது பெரிய காரியந்தான். ஆனால் கட்டாதே என்று சட்டசபையில் எழுதுவதற்கு மை போதும். இரவு முழுவதும் ஒரு நோயாளியின் பக்கத்தில் விழித்திருப்பவருக்குச் சம்பளம் போட வேண்டும். எந்த ஆஸ்பத்திரியாவது தன் கருணையைப் பற்றி நம்மிடம் பேசினால், அங்கே இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேட்போம்.