கோலிமாவும் கடல் கடந்த தென்னையும்



உலகப் படத்தை விரித்து வட அமெரிக்கக் கண்டத்தின் தென்பகுதியைப் பாருங்கள். அங்கே மெக்ஸிகோ நாட்டின் மேற்குக் கரையில், ஹலிஸ்கோ, மிச்சோவகான் என்னும் இரு பெரிய மாநிலங்களுக்கு நடுவே, பசிபிக் பெருங்கடலை நோக்கியவாறு ஒரு சிறு நிலப்பகுதி தென்படும். அதுவே கோலிமா மாநிலம். அதன் பரப்பு ஏறத்தாழ 5,600 சதுர கிலோமீட்டர். மெக்ஸிகோ முழுமையில் முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 7,31,391 பேர். அந்நாட்டு மாநிலங்களுள் இதுவே மிகக் குறைந்த மக்கள் தொகை. இத்துணைச் சிறிய இடத்தைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இடம் சிறிதாயின் அதன் வரலாறும் சிறிதாகவே இருக்கும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அவ்வெண்ணம் சரிதானா என்று கோலிமாவைக் கொண்டே சோதித்துப் பார்ப்போம்.

முதலில் நிலத்தைக் காண்போம். மாநிலத்தின் வடவெல்லையில் இரண்டு மலைகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று நெவாதோ, ஏறத்தாழ 4,260 மீட்டர் உயரம், சிகரம் ஹலிஸ்கோவைச் சேர்ந்தது, குளிர்காலத்தில் பனி படியும். மற்றொன்று நெருப்பு மலை. ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரம். மெக்ஸிகோவின் எரிமலைகளுள் மிகுந்த சீற்றமுடையவற்றுள் ஒன்று. 1913-ஆம் ஆண்டு சனவரியில் அது பெருஞ் சீற்றங்கொண்டது. 2015-ஆம் ஆண்டு சூலையிலும் சாம்பலை வாரி இறைத்தது; அடிவாரத்துச் சிற்றூர் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. கரைக்கப்பால் கடலடிப் பாறைத் தட்டுகள் நிலத்தின் அடியில் புதைந்து செல்வதே இதற்கும், அடிக்கடி நேரும் நிலநடுக்கங்களுக்கும் காரணம். 1932-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் குயுத்லான் என்னும் கரையூரைக் கடலலை எழுந்து அழித்தது. 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் மன்சனீயோ துறைமுகம் நடுங்கிற்று. எனினும் மக்கள் அம்மண்ணை விட்டு நீங்கினாரல்லர். எரிமலைச் சாம்பல் கலந்த மண் வளமிக்கது. அதனால் இன்றும் தெகோமான் சமவெளியில் எலுமிச்சையும் தென்னையும் செழித்து வளர்கின்றன. அழிப்பதும் அளிப்பதும் ஒரே மலையாக இருப்பதை அங்கே காண்கிறோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். எழுத்து அறியாத காலத்தில் அங்கு வாழ்ந்த மக்கள், கிணறுபோல் செங்குத்தாகக் குழி தோண்டி, அதன் அடியில் அறை குடைந்து, இறந்தோரை அடக்கம் செய்தனர். அவ்வறைகளில் வைக்கப்பட்ட சுடுமண் உருவங்களுள் புகழ்பெற்றவை கொழுத்த சிறு நாய்கள். செந்நிற மெருகு ஏறிய அந்நாய்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு பழமை உடையவை. இறந்தவனுக்கு மறுவுலகில் வழிகாட்ட நாய் உடன் சென்றது என்பது அறிஞர் பலர் கூறும் விளக்கம். ஆயினும் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. அக்கல்லறைகளுள் மிகப் பலவற்றைப் புதையல் தேடுவோர் ஆய்வாளருக்கு முன்பே தோண்டிவிட்டனர். பொருள்கள் உலகெங்கும் காட்சிக் கூடங்களை அடைந்தன. அவை எவருடன், எந்த முறையில் வைக்கப்பட்டிருந்தன என்னும் செய்தியோ மறைந்தது. ஒரு பொருளை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்தால் வரலாற்றின் ஒரு பக்கம் கிழிகிறது என்பதை நீங்கள் நினைவில் கொள்ளுதல் நன்று.

1523-இல் எர்னான் கோர்த்தேசின் படைத்தலைவன் கொன்சாலோ தே சந்தோவால் இப்பகுதியை வென்று, கரைக்கருகே ஒரு நகரம் அமைத்தான். 1527-இல் அது உள்நாட்டிற்கு மாற்றப்பட்டது. அதுவே இன்றைய தலைநகராகிய கோலிமா. புதிதாக வந்த நோய்களாலும் கடுமையான வேலையாலும் தொல்குடி மக்கள் பெருந்தொகையாய் மாண்டனர். தோட்டங்களில் வேலை செய்ய ஆள் கிட்டாத அந்நாளில்தான் நம் கதையின் முக்கிய உறுப்பினர் வருகின்றனர்.

1565 முதல் 1815 வரை, பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவிலிருந்து மெக்ஸிகோவின் அகாபுல்கோ துறைக்கு ஸ்பானியரின் பெருங்கப்பல்கள் ஓடின. சீனத்துப் பட்டும், நம் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியும் அவற்றில் சென்றன. கடலைக் கடக்க நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். மாலுமிகளுள் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் தீவினர். குளிருக்கு ஏற்ற ஆடையின்றி வழியிலேயே இறந்தோர் பலர் என அக்காலத்தார் எழுதிவைத்துள்ளனர். உயிர் தப்பிக் கரை சேர்ந்தவருள் பலர் மீண்டும் கப்பலேற விரும்பவில்லை. 1618-இல் எஸ்பிரித்து சாந்தோ என்னும் கப்பலில் வந்த 75 தீவு மாலுமிகளுள் ஐவரே திரும்பிச் சென்றனர் என்று செபாஸ்தியான் தே பினேதா என்னும் கப்பற்றலைவர் 1619-இல் அரசனுக்கு எழுதினார்.

தங்கியவர்கள் என்ன செய்தனர்? கோலிமாக் கரையில் தென்னை ஏற்கெனவே வேரூன்றத் தொடங்கியிருந்தது. 1569-இல் சாலமன் தீவுகளிலிருந்து திரும்பிய மெண்டான்யாவின் கப்பல்கள் அதைக் கொணர்ந்தன என்பர். மரம் இருந்தது, அதன் பயனை முழுதும் அறிந்தவர் அங்கு இலர். பாளை சீவிச் சாறு இறக்கும் தொழிலைத் தீவு மாலுமிகள் அறிந்திருந்தனர். அவர்கள் மரமேறினர், சாறு இறக்கினர், அதைக் காய்ச்சி வடித்து மதுவும் செய்தனர். அம்மது மலிவாக விற்றது. ஸ்பெயினிலிருந்து வந்த திராட்சை மதுவின் வாணிகம் தளர்ந்தது. உடனே கூக்குரல் எழுந்தது. தீவினர் அனைவரையும் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப வேண்டும், தென்னைகளை வெட்டி வீழ்த்த வேண்டும், வடிகலங்களைக் கொளுத்த வேண்டும் என்று பினேதா வேண்டினார்.

மது தீயது என்னும் கவலையால் எழுந்த வேண்டுகோளன்று அது. ஸ்பானிய மது விலைபோக வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரு சாராரின் ஆதாயத்திற்காக மற்றொரு சாராரின் வாழ்வும் மரமும் வெட்டப்பட வேண்டும் என்று ஓர் அரசிடம் முறையிடப்பட்டது. முடிவு என்ன ஆயிற்று? தடையும் தண்டமும் வந்தன, தென்னை அழியவில்லை, தொழிலும் அழியவில்லை. இன்றும் கோலிமா நகரச் சதுக்கங்களில், பெரிய சுரைக்குடுக்கையில் இனிய தென்னஞ்சாற்றைச் சுமந்து விற்போரைக் காணலாம். வேர்க்கடலை இட்டுப் பருகும் அப்பானத்தின் பெயர் தூபா. அது பிலிப்பைன்ஸ் மொழிச் சொல். மாலுமிகளின் பெயர்களுள் பெரும்பாலானவை மறைந்தன. அவர்கள் கொணர்ந்த சொல் நானூறு ஆண்டுகளாக வாழ்கிறது.

பிற்கால வரலாற்றிலும் கோலிமாவுக்கு இடமுண்டு. மெக்ஸிகோ விடுதலைப் போரின் தந்தை மிகுவேல் இதால்கோ 1792-இல் இங்குப் பாதிரியாராகப் பணிபுரிந்தார். 1857-ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதனைத் தனி மாநிலமாக்கியது. மறு ஆண்டு ஏப்ரலில், உள்நாட்டுப் போரில் பகைவர் நெருங்கியபோது, குடியரசுத் தலைவர் பெனித்தோ ஹுவாரஸ் மன்சனீயோவில்தான் கப்பலேறினார். பனாமா வழியாக வெராகுரூஸ் சேர்ந்து அரசை நிலைநிறுத்தினார். பின்னர் இருப்புப்பாதை மன்சனீயோவை எட்டியது. இன்று மெக்ஸிகோவிலேயே சரக்குப் பெட்டகங்களை மிகுதியாகக் கையாளும் துறைமுகம் அதுவே. 1979-இல் கிரிசெல்தா ஆல்வாரெஸ் இங்கு ஆளுநரானார். அந்நாட்டில் மக்கள் வாக்கால் ஒரு மாநில ஆளுநரான முதற் பெண்மணி அவர்.

காணத்தக்க இடங்களும் பல. வெண்சுவர் வீடுகள் நிறைந்த கோமாலா, ஹுவான் ருல்ஃபோ 1955-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலில் வரும் கற்பனை ஊருக்குத் தன் பெயரைத் தந்த ஊர். குயுத்லானில் உப்பு விளைகிறது. அத்தொழிலுக்கென ஒரு காட்சிசாலையும் உண்டு. தொலைக்கடலில் உள்ள ரெவியாஹிஹேதோ தீவுகளும் இம்மாநிலத்தைச் சேர்ந்தவையே. மாந்தாத் திருக்கைகளும் சுறாக்களும் உலவும் அத்தீவுக் கூட்டம் 2016-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

மாணவர்களே, வரலாற்று நூல்களில் மன்னர் பெயரும் படைத்தலைவர் பெயரும் தடித்த எழுத்தில் நிற்கும். சந்தோவால் பெயர் நூலில் உள்ளது. பாளை சீவிய மாலுமியின் பெயரைக் காண்பது அரிது. ஆயினும் கோலிமா மக்களின் அன்றாட வாழ்வில் இன்று மிகுதியாய்க் கலந்து நிற்பது யாருடைய செயல் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை உலகப் படத்தைக் காணும்போது, பெரிய நாடுகளோடு நிறுத்திவிடாமல், சிறிய எழுத்தில் அச்சிட்ட பெயர்களையும் படியுங்கள். ஒவ்வொன்றின் பின்னும் எவரோ பயணம் செய்து, எதையோ நட்டுச் சென்றிருப்பார்கள்.