கௌர் சிங் (குத்துச்சண்டை வீரர்)

கௌர் சிங், ஹெவிவெயிட் பிரிவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர். பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் உள்ள கனால் குர்த் கிராமத்துக்காரர். முகமது அலியோடு மோதிய இந்தியர் என்றுதான் பலரும் அவரை அறிவார்கள். அந்த ஒரு நாள் புகழ் அவர் வாங்கிய தங்கங்களையே மறைத்துவிட்டது.

ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர், இருபதுகளின் தொடக்கத்தில் ராணுவத்தில் சேர்ந்தார். கையுறை மாட்டியதே அதற்கு அப்புறம்தான். தாமதமாக வந்தாலும் வேகமாக ஏறினார். 1979இல் தேசிய சாம்பியன் ஆனார். 1980இல் பம்பாயில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றார்.

அலியுடனான மோதல் 1980 ஜனவரி 27 அன்று டெல்லி நேஷனல் ஸ்டேடியத்தில் நடந்தது. நான்கு ரவுண்டு காட்சிப் போட்டி. பட்டமும் இல்லை, பரிசும் இல்லை. அலிக்கு 38 வயது முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. முந்தைய ஆண்டே ஓய்வை அறிவித்துவிட்டவர். ஆனாலும் அந்தக் கால் வேகத்தையும் கை வேகத்தையும் கௌர் சிங் கடைசிவரை சொல்லிச் சொல்லி வியந்தார். தோற்றதைப் பற்றி அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதே பயணத்தில் அலி சென்னைக்கும் வந்தார். முன்னாள் உலக சாம்பியனும் பால்ய நண்பருமான ஜிம்மி எல்லிஸுடன் நேரு ஸ்டேடியத்தில் மோதிக் காட்டினார். முதல்வராக இருந்த எம்.ஜி.ஆரையும் சந்தித்தார். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை போட்ட வடசென்னைக்கு அது திருவிழா. மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆப்பிரிக்க நாடுகளிடம் ஆதரவு திரட்டும்படி அதிபர் கார்ட்டர் கேட்டுக்கொண்டதும் அலி இந்தியாவில் இருந்தபோதுதான். இங்கிருந்தே தான்சானியாவுக்குப் புறப்பட்டார்.

கௌர் சிங்கின் உச்சம் 1982 டெல்லி ஆசிய விளையாட்டு. இந்தியா வென்ற 13 தங்கங்களில் ஒன்று அவருடையது. அந்த ஆண்டு அர்ஜுனா விருது, அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் கிட்டவில்லை. அத்தோடு கையுறையைக் கழற்றிவிட்டார்.

இங்கே ஸ்வீடன் ஹெவிவெயிட் இங்கெமார் யோஹான்சனை நினைக்காமல் இருக்க முடியாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் இறுதிச் சுற்றில், சண்டையே போடவில்லை என்று நடுவர் அவரை வெளியேற்றினார். வெள்ளிப் பதக்கத்தையும் கொடுக்கவில்லை. யோஹான்சன் தொழில்முறைக்குப் போனார். 1959இல் நியூயார்க்கில் ஃபிளாய்ட் பேட்டர்சனை மூன்றாவது ரவுண்டில் ஏழு முறை கீழே சாய்த்து உலகப் பட்டம் வென்றார், நிறையச் சம்பாதித்தார். முடக்கி வைத்த வெள்ளி கைக்கு வந்தது 1982இல். கௌர் சிங் கதை நேர் எதிர். பதக்கமும் விருதும் உரிய நேரத்தில் வந்தன, பணம்தான் வரவில்லை. தொழில்முறைப் போட்டி என்ற வழியே அன்றைய இந்தியாவில் அவருக்கு இல்லை. ராணுவச் சம்பளமும் பிறகு பென்ஷனும்தான் வருமானம். 1982 வெற்றிக்கு மாநில அரசு அறிவித்த ஒரு லட்ச ரூபாய் தனக்கு வந்து சேரவே இல்லை என்று அவர் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்.

2017இல் இதய சிகிச்சைக்குத் தனியாரிடம் கடன் வாங்கிய செய்தி வெளியான பிறகே ராணுவம் மூன்று லட்சமும், மத்திய விளையாட்டு அமைச்சகம் ஐந்து லட்சமும் கொடுத்தன. கேட்ட பிறகு கொடுப்பதை உதவி என்று சொல்லலாம், மரியாதை என்று சொல்ல முடியாது. 2020இல் விவசாயிகள் போராட்டத்தை ஆதரித்து, தம் விருதுகளைத் திருப்பித் தரப்போவதாக அறிவித்தார்.

2023 ஏப்ரல் 27 அன்று, தமது 74ஆம் வயதில் குருக்ஷேத்ரா மருத்துவமனையில் காலமானார். மில்கா சிங் உள்ளிட்டோருடன் அவருடைய வாழ்க்கையையும் பள்ளி உடற்கல்விப் பாடநூலில் சேர்க்கப் பஞ்சாப் அரசு முடிவெடுத்ததும் அதே மாதம்தான்.