பக்வாஷ் கிராமத்தில் கூடிய பண்டிதர்கள்

கனடா தேசத்தின் கீழைக்கரையில், நார்தம்பர்லண்ட் ஜலசந்தியின் ஓரத்தில், சிங்கி இறால் பிடிப்பதையும் மரம் அறுத்துக் கப்பலேற்றுவதையும் ஜீவனோபாயமாகக் கொண்டு வாழ்ந்துவந்த பக்வாஷ் என்னும் சிற்றூரை, 1957-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரையில் உலகம் அறிந்திருக்க நியாயமில்லை. அவ்வூரில் 1883-ல் பிறந்து, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்குப் போய், எஃகு, நிலக்கரி, ரயில்வே ஆகியவற்றில் பெரும்பொருள் ஈட்டிய சைரஸ் ஈட்டன் என்ற தனவந்தர், ஜன்ம பூமியின் மீது கொண்ட பாசத்தால், அங்கே கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு, கல்விமான்கள் வந்து தங்கிப் பட்டணத்து அலுவல்களை மறந்து யோசிப்பதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அந்த வீட்டில்தான் அவ்வாண்டு ஜூலை 7 முதல் 10 வரையில், பத்து நாடுகளைச் சேர்ந்த 22 அறிஞர்கள் கூடி, அரசாங்கங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அஞ்சிய விஷயங்களைப் பேசினார்கள்.

வந்தவர்களின் ஜாபிதாவைப் பார்த்தாலே அக்காலத்துச் சர்வதேச நிலைமை விளங்கிவிடும். அமெரிக்கர் எழுவர், சோவியத் நாட்டவர் மூவர், ஜப்பானியர் மூவர், பிரிட்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் இருவர் இருவர், ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, சீனா, பிரான்ஸ், போலந்து ஆகிய நாடுகளிலிருந்து ஒவ்வொருவர். அணுகுண்டு செய்யும்படி ரூஸ்வெல்ட்டைத் தூண்டிய 1939-ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு மூலகர்த்தாவாக இருந்து, பின்பு 1945-ல் அதைப் பிரயோகிக்க வேண்டாமென்று மனுப்போட்டுத் தோற்ற லியோ ஸிலார்டு ஒரு பக்கம். அந்தக் குண்டுக்கு இரையான தேசத்திலிருந்து வந்த யுகாவாவும் டோமொனாகாவும் மறுபக்கம். சீனத்துப் பௌதிகப் பேராசிரியர் சௌ பெய்யுவான் இன்னொரு பக்கம். மக்கள் சீனத்தை அமெரிக்கா அங்கீகரிக்கவே இல்லை. ஐக்கிய நாடுகள் சபையில் அதற்கு ஆசனமும் இல்லை. ராஜதந்திரிகள் கைகுலுக்கத் தயங்கிய அந்த நாளில், அமெரிக்கரும் சீனரும் ஒரே மேஜையில் அமர்ந்து காப்பி அருந்தியது அற்ப விஷயமன்று.

இக்கூட்டத்துக்கு வித்திட்ட சம்பவம் பசிபிக் மகாசமுத்திரத்தில் நிகழ்ந்தது. 1954-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினியில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு, எதிர்பார்த்த அளவைக் கடந்து 15 மெகாடன் சக்தியோடு வெடித்தது. அதிலிருந்து பறந்த பவழச் சாம்பல், அபாய எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாவது அதிர்ஷ்ட நாகம்' என்ற ஜப்பானியப் படகின் மீதும் அதிலிருந்த 23 பேரின் மீதும் உதிர்ந்தது. அவர்களில் குபோயாமா என்ற வானொலிப் பணியாளர் அவ்வாண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அதே சாம்பல் ரொங்கெலாப் முதலிய தீவுகளின் குடிகள் மீதும் விழுந்தது. மார்ஷல் தீவினர் ஏப்ரல் மாதத்தில் ஐ.நா. சபைக்கு முறையிட்டுக்கொண்டார்கள். ஜப்பானியரின் துயரம் உலகெங்கும் பேசப்பட்ட அளவுக்கு அத்தீவினரின் மனு பேசப்படவில்லை. பண்டிதர்கள் பக்வாஷில் கூடிய அதே 1957-ஆம் ஆண்டில்தான் ரொங்கெலாப் மக்கள் தங்கள் தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதையும், அவர்கள் சார்பில் பேச அந்த மேஜையில் ஒருவரும் இல்லை என்பதையும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

பிகினிச் சாம்பலின் உண்மையைக் கண்டவர்களில் ஒருவர் ஜோசப் ராட்பிளாட். போலந்தில் பிறந்து, லிவர்பூலில் சாட்விக்கிடம் பணிபுரிந்து, லாஸ் அலமோஸில் அணுகுண்டு வேலைக்குப் போன இவர், ஜெர்மனியிடம் குண்டு இல்லையென்று தெரிந்தவுடன் 1944-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வேலையை உதறிவிட்டு வெளியேறினார். போலந்தில் விட்டுவந்த மனைவியை நாஜிகளின் கொடுமைக்குப் பறிகொடுத்த துக்கத்தோடு, ஆயுத விஞ்ஞானத்தை முற்றிலும் துறந்து, லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியைச் சார்ந்து வைத்தியப் பௌதிகம் போதித்துவந்தார். ஜப்பானிய விஞ்ஞானி நிஷிவாகி அளித்த அளவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, அந்தக் குண்டின் சக்தியில் பெரும்பகுதி யுரேனியத்தின் பிளவிலிருந்து வந்ததென்றும், ஆகையால் அதன் கதிரியக்க விஷம் அதிகாரிகள் ஒப்புக்கொண்டதைக் காட்டிலும் பன்மடங்கு என்றும் அவருக்குப் புலப்பட்டது. அரசாங்கங்கள் மறைத்து வைத்ததை, வெளியே நின்ற ஓர் உபாத்தியாயர் காகிதமும் பென்சிலும் கொண்டு கண்டுபிடித்துவிட்டார்.

தத்துவ ஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், 1954 டிசம்பரில் வானொலியில் நிகழ்த்திய பேச்சை அடியொற்றி ஓர் அறிக்கை தயாரித்து, கம்யூனிஸ்டு நாடுகளிலும் ஏனைய நாடுகளிலும் உள்ள பெரும் விஞ்ஞானிகளிடம் கையொப்பம் கேட்டார். நீல்ஸ் போரும் ஓட்டோ ஹானும் மறுத்தார்கள். ஐன்ஸ்டீனுக்கும் எழுதியிருந்தார், ரோமிலிருந்து பாரிஸுக்கு விமானத்தில் வரும் வழியில் ஐன்ஸ்டீன் காலமான செய்தி அவருக்கு எட்டியது. முயற்சி வீணாயிற்றென்று மனம் தளர்ந்து பாரிஸ் ஓட்டலை அடைந்தபோது, சம்மதம் தெரிவித்து ஐன்ஸ்டீன் எழுதிய கடிதம் அங்கே காத்திருந்தது. 1955 ஜூலை 9-ஆம் தேதி லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் 11 பேரின் கையொப்பத்தோடு அந்த அறிக்கை வெளியாயிற்று. பத்திரிகையாளர் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ராட்பிளாட். விஞ்ஞானிகள் ஒன்றுகூடி அபாயத்தை ஆராய வேண்டுமென்பது அதன் வேண்டுகோள்.

எங்கே கூடுவது? இங்கே நம் தேசம் கதைக்குள் வருகிறது. 1954 ஏப்ரலிலேயே பார்லிமெண்டில் அணுச்சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டுமென்று கேட்ட ஜவாஹர்லால் நேரு, பௌதிக விஞ்ஞானி டி. எஸ். கோத்தாரியைக் கொண்டு அணு வெடிப்பின் விளைவுகளை ஆராயச் செய்திருந்தார். அந்த ஆராய்ச்சி 1956-ல் அரசாங்கப் பதிப்பாக நூல் வடிவில் வெளிவந்து, பெரிய வல்லரசுகளே பொதுமக்களுக்குச் சொல்லாத செய்திகளைச் சொல்லிற்று. மாநாட்டை டில்லியில் நடத்தலாமென்பதே முதல் ஏற்பாடு. அதற்குள் சூயஸ் நெருக்கடி குறுக்கிட்டது. கிரேக்கக் கப்பலதிபர் ஓனாஸிஸ், மாண்டி கார்லோவில் நடத்துவதானால் செலவை ஏற்பதாகச் சொன்னதை ரஸ்ஸல் முதலியோர் ஏற்கவில்லை. சூதாட்ட நகரத்தில் உலக நாசத்தைப் பற்றி யோசித்திருந்தால் பத்திரிகைக்காரர்களுக்கு நல்ல விருந்தாகத்தான் இருந்திருக்கும். ஈட்டனுடைய அழைப்பு அப்போது கைகொடுத்தது. டில்லியில் நடக்கவிருந்த கூட்டம் பக்வாஷில் நடந்தபோது, அதில் இந்தியர் ஒருவர்கூட இல்லை.

நான்கு நாட்களில் அவர்கள் சாதித்தது என்ன? அணுசக்தியின் அபாயங்கள், ஆயுதக் கட்டுப்பாடு, விஞ்ஞானியின் சமூகப் பொறுப்பு என மூன்று குழுக்களாகப் பிரிந்து விவாதித்தார்கள். முந்திய ஆறாண்டுச் சோதனைகளின் விளைவாக, அடுத்த 30 ஆண்டுகளில் ரத்தப் புற்றுநோயும் எலும்புப் புற்றுநோயும் ஏறத்தாழ 1,00,000 பேருக்கு அதிகமாக வரக்கூடுமென்று மதிப்பிட்டு, அந்த எண் பல மடங்கு கூடவோ குறையவோ செய்யலாமென்பதையும் சேர்த்தே சொன்னார்கள். இந்தப் பின்குறிப்புதான் என் கண்ணுக்கு முக்கியமாகப் படுகிறது. ரஷ்யரும் அமெரிக்கரும் ஒரே தொகைக்கு ஒப்பி, அதன் நிச்சயமின்மைக்கும் ஒப்பியது, கட்சி கட்டிப் பிரசாரம் செய்வதிலிருந்து வேறுபட்ட ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தது.

அந்தப் பழக்கத்தின் விதிகள் எளியவை. எவரும் தம் தேசத்தின் பிரதிநிதியாக வரலாகாது. தனி மனிதராகவே வரவேண்டும். கதவை மூடிக்கொண்டு பேசவேண்டும்; யார் என்ன சொன்னார் என்று வெளியே சொல்லலாகாது. ஊர் திரும்பியபின் தம் அரசாங்கத்தின் காதில் போடலாம். சோவியத் நாட்டிலிருந்து வந்தவர்கள் உண்மையிலேயே தனி மனிதர்கள்தானா என்று சிரித்தவர்கள் பலர். அமெரிக்க செனட் சபையின் உள்நாட்டுப் பாதுகாப்பு உபகமிட்டி 1961-ல் இந்த மாநாடுகளைப் பற்றி ஓர் ஐயப்பாட்டு அறிக்கையே வெளியிட்டது. சோவியத் பேராசிரியர் மாஸ்கோவின் அனுமதியில்லாமல் வாய் திறந்திருக்கமாட்டார் என்பது மெய்யே. ஆனால் அவருடைய சொல் மாஸ்கோவுக்கு எட்டும் என்பதுதான் அவரோடு பேசுவதன் பிரயோஜனம் என்பதைச் சந்தேகக்காரர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரே ஒரு சிறிய அலுவலகத்திலிருந்து, 1957 முதல் 1973 வரை காரியதரிசியாக ராட்பிளாட் இவ்வளவையும் நடத்திவந்தார்.

பலன் தெரிந்த இடங்களும் உண்டு, பாதியில் நின்ற இடங்களும் உண்டு. பூமிக்கடியில் நடத்தும் சோதனையைப் பூகம்பத்திலிருந்து பிரித்தறிவது எப்படி என்பதே சோதனைத் தடைப் பேச்சின் முட்டுக்கட்டையாக இருந்தது. 1962-ல் லண்டனில் கூடிய பக்வாஷ் மாநாட்டில் அமெரிக்கர் மூவரும் சோவியத்தினர் மூவரும் சேர்ந்து, ஆள் இல்லாமல் தானே இயங்கி நில அதிர்வைப் பதிவு செய்யும் முத்திரையிட்ட 'கறுப்புப் பெட்டி'களை அந்தந்த நாட்டில் வைக்கலாமென்று யோசனை கூறினர். டிசம்பரில் குருஷேவ் இதையே கென்னடிக்கு எழுதிய கடிதத்தில் எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நேரில் பார்வையிடவும் சம்மதித்தார். அமெரிக்கா அதைவிட அதிகம் கேட்டது. பின்னர் ஏழு வரை இறங்கி வந்தது. மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே பேரம் முறிந்தது. 1963 ஆகஸ்டு 5-ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தம் ஆகாயத்திலும் கடலிலும் விண்வெளியிலும் மட்டுமே சோதனைகளைத் தடுத்தது. குழந்தைகளின் பாலில் கதிரியக்க ஸ்டிரான்ஷியம் கலப்பது குறைந்தது, பூமிக்கடியில் வெடிப்பது தொடர்ந்தது.

இந்திய மண்ணில் நடந்த ஒரு சம்பாஷணை இதைவிடச் சுவாரசியமானது. 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏரிகள் சூழ்ந்த உதயபூரில் கூடிய 12-ஆவது மாநாட்டில், ஜாக் ரூயினா, மர்ரே கெல்-மன் என்ற இரு அமெரிக்கர்கள், எதிரியின் ஏவுகணையைத் தடுக்கும் ஏவுகணைகளை அமைப்பது ஆபத்தானது என்று வாதித்தார்கள். கேடயம் செய்வதில் என்ன பாபம் என்று சோவியத் விஞ்ஞானிகள் திகைத்தார்கள். ஒருவன் கேடயத்தைப் பெரிதாக்கினால் மற்றவன் ஈட்டிகளைப் பெருக்குவான் என்ற தர்க்கம் அவர்களுக்கு அன்று கொடூரமாகவே தோன்றியிருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து, 1967-ல் கிளாஸ்பரோவில் அமெரிக்க ஜனாதிபதி ஜான்ஸனைச் சந்தித்த சோவியத் பிரதமர் கொஸிகினும் அதே திகைப்பைத் தெரிவித்தார். ஆனால் பேராசிரியர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் விடாமல் வாதித்துக்கொண்டே இருந்தார்கள். 1972 மே மாதத்தில் அந்த ஆயுதங்களை இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்து கட்டுப்படுத்திக்கொண்டன. ஒரு கருத்து உதயபூரிலிருந்து கிரெம்ளினுக்குப் போய்ச்சேர எட்டு ஆண்டு பிடித்தது.

அணுகுண்டின் பேரிரைச்சலில் அமுங்கிக் கிடந்த விஷயங்களையும் அவர்கள் அடியோடு மறந்துவிடவில்லை. கிருமிகளையும் விஷப்புகையையும் ஆயுதமாக்குவதைப் பற்றி மந்திரிகள் அக்கறை காட்டாத 1959-லேயே, மறுபடியும் பக்வாஷில் கூடி அதை ஆராய்ந்தார்கள். 1960-களில் ஒரு தனிக் குழு அமைத்துச் சில ஐரோப்பிய ஆராய்ச்சிச்சாலைகளைச் சோதனை முறையில் பார்வையிட்டும் கற்றார்கள். 1972-ல் கிருமி ஆயுதத் தடை உடன்படிக்கை வந்தது; அவர்கள் பழகிப் பார்த்த பார்வையிடும் முறைக்கு மட்டும் அதில் இடம் வைக்கப்படவில்லை. வியட்நாம் விஷயத்தில், பக்வாஷ் அன்பர்களாகிய மார்க்கோவிச், ஓப்ராக் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், 1967-ல் அமெரிக்கப் பேராசிரியர் கிஸிங்கரின் வழியாக அமெரிக்காவின் செய்தியை ஹனாய்க்கு எடுத்துச் சென்றார்கள். ஓப்ராக்கின் வீட்டில் ஹோ சி மின் 1946-ல் தங்கியிருந்தவர். அந்தப் பழைய நட்பைக் கொண்டும் காரியம் கைகூடவில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். 1976 ஜனவரியில் 25-ஆவது மாநாடு நம் சென்னையில் நடந்தது. பொக்ரானில் இந்தியா அணுவெடிச் சோதனை நடத்தி இரண்டு ஆண்டு ஆகவில்லை, நாட்டில் அவசரநிலை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை, அதே மாதக் கடைசி நாளில் மாநில அமைச்சரவையும் கலைக்கப்பட்டது. இவ்வளவு சந்தடியின் நடுவே அயல்நாட்டுப் பண்டிதர்களின் மாநாடு ஊராருக்கு நினைவில் தங்காததில் வியப்பில்லை. ஆனால் அதன் பொருள் என்னவென்று பார்க்கவேண்டும்: வளர்ச்சி, மூலவளங்கள், உலகப் பாதுகாப்பு. 1973-ல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்து, 1974 மே மாதத்தில் ஏழை நாடுகள் புதிய பொருளாதார அமைப்பு வேண்டுமென்று ஐ.நா. சபையில் பிரகடனம் நிறைவேற்றியிருந்த காலம் அது. பசியும் தொழில் நுணுக்கமும் உலக சமாதானத்தின் அங்கங்களே என்று, இரு வல்லரசுகளின் பீதியைச் சுற்றியே அதுவரை பெரும்பாலும் சுழன்றுவந்த மேஜையில் எடுத்து வைக்கப்பட்டது.

இதே திசையில் 1974-லேயே ஒரு காரியம் தொடங்கியிருந்தது. பணக்கார நாட்டுக் கம்பெனிகள் ஏழை நாடுகளுக்குத் தொழில்நுட்பத்தை விற்கும்போது எந்த நிபந்தனைகள் நியாயம், எவை அநியாயம் என்று வரையறுக்கும் ஒழுங்கு விதிகளின் நகல் ஒன்றைப் பக்வாஷ் குழுவொன்று ஜினீவாவில் எழுதிற்று. அதை ஒட்டி ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி மாநாடு 1978-ல் பேச்சு வார்த்தையைத் துவக்கியது. வியாக்கியானங்களும் திருத்தங்களும் கட்டுக்கட்டாகப் பெருகின. 1985-ல் உடன்பாடில்லாமல் பேச்சு நின்றுபோயிற்று. ஏவுகணைக் கேடயத்தை எதிர்த்த வாதத்துக்கு எட்டு ஆண்டில் காது கிடைத்தது. மருந்தும் உரமும் செய்யும் வித்தையைப் பற்றிய வாதத்துக்குக் காது கிடைக்கவே இல்லை. காரணம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. ஏவுகணை விஷயத்தில் இரு தரப்புக்கும் உயிர்ப்பயம் இருந்தது. தொழில்நுட்ப விஷயத்தில் ஒரு தரப்புக்கு லாபம் மட்டுமே இருந்தது.

1995-ல் ராட்பிளாட்டுக்கும் பக்வாஷ் ஸ்தாபனத்துக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு பாதி பாதியாக வழங்கப்பட்டபோது, பரிசுக் கமிட்டி எடுத்துச் சொன்ன காரணம், சர்வதேச அரசியலில் அணு ஆயுதத்தின் இடத்தைக் குறைக்க அவர்கள் பாடுபட்டது என்பது. சென்னையில் பேசப்பட்ட பொருள் அதில் இடம்பெறவில்லை. 2002-ல் அந்த ஸ்தாபனம் தன் தலைவராகத் தேர்ந்தது கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனை, நெல்லையும் கோதுமையையும் ஆராய்ந்து பேர்பெற்ற அவர், 2007 வரையில் அப்பதவியை வகித்தார்.